மைனஸ் பதினெட்டு

இலவசம் என்று போட்டிருந்தது.
நூற்றுப் பன்னிரண்டு எம்பி.
காவேரிப்பட்டணத்தில், உரக்கடை மாடியில்,
டவர் ஒரு கோடு காட்டும் ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்து
இறக்கி முடிக்க நாற்பது நிமிஷம்.
அதற்குள் கீழே ஒரு லாரி யூரியா இறங்கிவிட்டது.

திம்மராயன் சொன்னது இவ்வளவுதான்:
"மாங்கூழ் பேக்டரி வீடியோ. ஒன்றரை நிமிஷம்.
பின்னாடி ஏதாச்சும் ஓடணும்.
இருக்கறது தெரியக் கூடாது,
இல்லன்னா தெரியணும்."
பேட் என்ற சொல்லுக்கு
இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.
அட்வான்ஸ் ஐந்நூறு.

திறந்தேன். சாம்பல் பலகை, எட்டுக் குமிழ்.
கட்டையை அழுத்தினால் உடனே வராது.
படுத்த மாடு எழுவதுபோல்
பின்னங்காலை முதலில் ஊன்றி, யோசித்து,
பிறகு மொத்தமாக நிற்கிறது.
விரலை எடுத்தால் உடனே போகாது.
செருப்பு மாட்டிய பிறகும்
வாசலில் நின்று பேசும் விருந்தாளி.

செய்துவைத்த சத்தங்கள் முப்பத்திரண்டு.
பெயரைப் பார்த்தாலே தெரிகிறது
செய்தவன் குளிர்நாட்டுக்காரன்:
உறைந்த ஏரி, கண்ணாடிக் காடு,
மூடுபனி இரண்டு, வடதுருவ விடியல்.
இங்கே மே மாதம்.
ஆஸ்பெஸ்டாஸ் இரவு ஒன்பதுக்கும் சுடுகிறது.
நாலு ஜிபி லேப்டாப்பில் மூன்று விரல் வைத்தால்
பொரி வறுபடும் சத்தம்,
நாலாவது விரலுக்கு நின்றே போகிறது.
ஆகவே இரண்டு விரல் வடதுருவம்.
ஹெட்போனில் இடது காது மட்டும் வேலை செய்யும்,
அந்த ஊரின் வலது பக்கம் எனக்குத் தெரியாது.

பத்தரைக்கு மாதேஸ்வரி வந்தாள்.
அவளுக்கும் அதே பேக்டரிதான்.
கோல்டு ஸ்டோரில், மைனஸ் பதினெட்டில்,
டப்பா எண்ணும் வேலை.
கத்திரி வெயிலில் பைக்குள் ஸ்வெட்டரோடு
டவுன் பஸ்ஸில் போய்வரும் ஒரே ஆள்.
கைகழுவி, தட்டில் சோறு போட்டு,
இடது காதை வாங்கிக்கொண்டாள்.
"பேர் என்ன இதுக்கு?"
"வடதுருவ விடியல்."
மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே
இன்னொரு தடவை கேட்டாள்.

"பனி இப்படி மணி அடிக்காது.
உள்ள போனா ஒரு சத்தமும் இல்ல.
கம்ப்ரசர் மட்டும்.
அது காதுல கேக்காது,
பல்லுல கேக்கும்."

மினுமினுப்பு என்றிருந்த குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.
வடிகட்டியை இறக்கினேன்.
"இன்னும் அடியில."
இறக்கினேன்.
இரண்டு சுருதியை மயிரிழை விலக்கிவைத்தேன்,
ஒன்றையொன்று உரசி மெல்ல அலையட்டும் என்று.
"இன்னும்."
பிறகு அவள் பேசவில்லை.
சாப்பிடுவதும் நின்றது.
"இது கதவைச் சாத்தினதுக்கு அப்புறம்," என்றாள்.

சேமிக்கப் பெயர் கேட்டது.
'ரெண்டாம் நம்பர் கதவு' என்று அடித்தேன்.
மூடும்போது ஒரு சின்னப் பெட்டி:
பிடித்திருந்தால் எனக்கொரு காபி வாங்கித் தாருங்கள்.
அந்த ஊர்க் காபி
இவளுக்கு ஒரு முழு ஷிப்ட்.
கணக்குப் போட்டோம்.
அவள்தான் சிரித்தாள்.
சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்று
பெட்டியை மூடாமல் சுருக்கி வைத்தேன்.

திம்மராயன் ஆபீஸ் ரூமில் வீடியோ பார்த்தார்.
லோகோ பெரிதாக வேண்டுமாம்.
மாம்பழம் இன்னும் மஞ்சளாக.
இசையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
நடுவில் ஒருமுறை
இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டார்.
ஏசியாகவும் இருக்கலாம்.
மீதி ஆயிரத்தைந்நூறு
திங்கட்கிழமை என்றார்.