லாட் முப்பத்தொன்று

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ். வங்கி சீல் வைத்த டூல்ரூம்.
முன்பே விலைபோன இயந்திரங்களின் இடத்தில்
நான்கு நான்காய் போல்ட் துளைகள்.
ஏலம் பத்தரைக்கு. சாமான் பார்க்க ஒன்பதிலிருந்து.

ஒன்பதுக்கே போய்விட்டேன். பையில் டார்ச், லென்ஸ்,
பழைய பனியன் துணி.
எல்லோரும் மைக்ரோமீட்டரைத் திறந்து பார்ப்பார்கள்.
நான் மூடிப் பார்ப்பேன்.
நடுவில் ஒன்றுமே இல்லாதபோது
அது என்ன சொல்கிறது என்பதுதான் விஷயம்.
லாட் பன்னிரண்டில் ஒன்று
ஒன்றுமில்லாததை நூறில் இரண்டு என்றது.
பரவாயில்லை. எவ்வளவு பொய் என்று தெரிந்துவிட்டால்
கழித்துக்கொண்டு காலம் தள்ளலாம்.
நாளுக்கொரு பொய் சொல்வதைத்தான்
மேசையில் சேர்க்க முடியாது.

கலீம் வந்தான், கோரிப்பாளையா குஜிரிக்காரன்,
சட்டைப்பையில் காந்தத்தோடு.
அவனுக்கு உலகம் இரண்டே வகை:
ஒட்டுவது, ஒட்டாதது. ஒட்டாததற்கு விலை அதிகம்.
"நீங்க லேத்துப் பக்கம் வராதீங்கக்கா,
நான் அளவுச் சாமான் பக்கம் வரல."
சரி என்றேன்.
லேத் வாங்க என்னிடம் ஏது பணம்.

ஒந்து சாரி, எரடு சாரி.
மூலை உடைந்த கிரானைட் பலகை எனக்கு.
டயல் கேஜ் ஆறு எனக்கு, அதில் இரண்டு செத்தவை.
பிறகு லாட் முப்பத்தொன்று:
இரும்பு அலமாரி, பூட்டியது, சாவி இல்லை,
உள்ளே இருப்பது எடுத்தவர் பாடு.
கதவில் பாதி கிழிந்த ஸ்டிக்கர், இருபது டிகிரி என்று.
துணி வைக்கும் அலமாரிக்கு
யாரும் வெப்பநிலை எழுதி ஒட்டுவதில்லை.
இது அளவுச் சாமானா, இரும்பா என்று
நான் யோசித்து முடிப்பதற்குள்
மூரு சாரி. கலீமுக்கு.

வாசலிலேயே வைத்துப் பூட்டை அறுத்தான், பொறி பறக்க.
மேல்தட்டில் காக்கிச் சட்டை, டீ கிளாஸ்,
ஜூலையோடு நின்றுபோன காலண்டர்.
கீழ்த்தட்டில் ஒரு மரப்பெட்டி.
திறந்தேன். உடனே மூடினேன்.
ஸ்லிப் கேஜ், எண்பத்தேழு குழி. ஒரு குழி காலி.
"என்னக்கா அது?"
"ஸ்டீல் துண்டு."
அது உண்மைதான்.
காந்தத்தை வெளியே எடுத்தான்.
என் உயிர் போய் வந்தது.
"ஒட்டும், ஒட்டும்" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.
"அப்ப கிலோ அறுபது."
கொக்கித் தராசில் இரண்டு கிலோ நானூறு.
பெட்டி மரம்தானே என்று
நாலு ரூபாய் தள்ளி நூற்று நாற்பது வாங்கினான்.

ராத்திரி ஒவ்வொன்றாய்ப் பெட்ரோலில் கழுவும்போது தெரிந்தது,
காலிக் குழியின் துண்டு எங்கும் போகவில்லை.
யாரோ இரண்டைச் சேர்த்து ஏதோ அளந்துவிட்டுப்
பிரிக்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.
பசையில்லை, காந்தமில்லை,
அத்தனை வழவழப்பு, அவ்வளவுதான்.
உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி
பக்கவாட்டில் தள்ளித் தள்ளி
பதினொன்றரைக்குப் பிரிந்தன.
அதன்பிறகும் நான் தூங்கவில்லை.

காலையில் கலீமுக்குப் போனிலேயே
ஆறாயிரம் அனுப்பினேன்.
அடுத்த நிமிடம் கூப்பிட்டான். "எதுக்குக்கா?"
"எடையில தப்பு."
"என் தராசா?" குரல் இறங்கிவிட்டது.
"அத நம்பித்தான் மொத்த வியாபாரமும்.
ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக் குடுங்க."

போனேன், சோதனைக் கற்களைச் சுமந்துகொண்டு.
ஒரு கிலோ மாட்டினேன். ஒரு கிலோ.
இரண்டு மாட்டினேன். இரண்டு.
ஐந்துக்கு முள் ஐந்தில் போய் நின்றது,
கோட்டின் நடுவில்.
நான் பார்த்த குஜிரித் தராசுகளில்
இவ்வளவு நேர்மையானது வேறில்லை.
அதை அவனிடம் சொல்லியிருக்கலாம்.

பின்பக்கத் திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து
முகத்தைச் சுளித்துக்கொண்டு,
திருப்புவதுபோல் திருப்பாமல்,
"இப்ப சரி" என்றேன்.

முந்நூறு ரூபாய் நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.