அரை மில்லிமீட்டர்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
நல்லது.
இதற்காகத்தான் வந்தோம்.

காலையில் என் ஷெட்டில் இந்தக் குவாலிஸ்
ஒரு குறையுமில்லாமல் ஜில்லென்று ஊதியது.
"உன்கிட்ட வந்தா மட்டும் ஒழுங்கா இருக்குது" என்றான் அற்புதராஜ்,
பல் டாக்டர் வாசலில் வலி நின்றுபோனவன் முகத்தோடு.

ஏர்போர்ட்டிலிருந்து ஜீரோ கேட்டுக்குக்
கப்பல்காரர்களை ஏற்றிப்போகிற வண்டி.
நேற்று ஐந்து பிலிப்பைன்ஸ் பையன்கள்
கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால்
ஒன்றரை மணி நேரம் வெந்திருக்கிறார்கள்.
ஒருவன் சட்டையைக் கழற்றிப் பிழிந்தானாம்.
ஏஜென்ட் சொல்லிவிட்டான்:
இன்னொரு தரம் என்றால் வேறு வண்டி.

சூட்டில் மட்டும் வருகிற நோய்.
சூட்டில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.
பானெட்டைத் திறந்துபோட்டு, இன்ஜினை அணைக்காமல்,
பன்னிரண்டு மணி வெயிலில் நிற்கிறோம்.
கூட்ஸ் வண்டி வருகிறது. நிலக்கரி.
அவன் பெட்டி எண்ணுகிறான், நான் நிமிடம்.
பின்னால் மீன்பாடி வண்டிக்காரர்,
"மூடுய்யா அத்த, கேட்டு தொறக்கப் போறான்."

முப்பத்தெட்டாவது பெட்டியில்
டக்.
உள்ளே காற்று கஞ்சி ஆவியானது.

காயில் ஒயரில் மீட்டர் முனையை வைத்தேன்.
பதின்மூன்றரை வோல்ட்.
கரண்ட் வருகிறது. புல்லி சுற்றுகிறது.
முன்னாலிருக்கும் தட்டு மட்டும்
கூப்பிட்டது காதில் விழாததுபோல் சும்மா நிற்கிறது.

துடைப்பக்கட்டை நுனியால்
(கையை பெல்ட் பக்கம் விடக்கூடாது)
லேசாக ஒரு தள்ளு.
டக்.
பிடித்துக்கொண்டது.
"டேய், வருதுடா!"

அப்போதுதான் எனக்கு ஏப்ரல் ஞாபகம் வந்தது.

இதே வண்டி, இதே புகார்.
அன்றைக்கு ஷெட்டில் ஏழு வண்டி.
காஸ் கம்மி என்றேன். நிரப்பினேன்.
ஆயிரத்து எண்ணூறு வாங்கினேன்.
ராத்திரி ஓட்டிப் பார்த்துவிட்டு, ஐஸ் மாதிரி என்று போன் பண்ணினான்.
ராத்திரி என்பதால் ஐஸ்.

ஷெட்டுக்குத் திரும்பி, இன்ஜின் ஆறும்வரை டீ.
அவன் பேசினான். நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில்
ஒரு மில்லிமீட்டர் தகடு
மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நுழைந்தது.
பாதிதான் இருக்க வேண்டும்.
ஒட்டி, விலகி, ஒட்டி,
பதினேழு வருஷம் தேய்ந்த இடைவெளி.
காயில் காய்ந்தால் இழுப்பு குறையும்;
குளிரில் எட்டுகிற தூரம் வெயிலில் எட்டாது.

நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை உருவினேன்.
கடல் காற்றுத் துரு, செங்காவிப் பொடி.
தண்டில் இரண்டு வாஷர்.
தடித்ததை எடுத்துவிட்டு
மெல்லியதை மட்டும் விட்டு முடுக்கினேன்.
அளந்தேன். அரை. சுற்றிச் சுற்றி மூன்று இடத்திலும் அரை.
புதிதாக ஒன்றும் போடவில்லை.
இருபத்தெட்டாயிரத்துக்கு கம்ப்ரசரே மாற்றச் சொன்ன
மவுண்ட் ரோடு கடைக்காரனைத்
திட்டிக்கொண்டே இருந்தான் அற்புதராஜ்.
நானும் சேர்ந்து திட்டினேன், கொஞ்சம் அதிகமாகவே.

மறுபடியும் கேட். இரண்டரை மணி.
இந்த முறை டேங்கர் ரயில்.
நாற்பது நிமிடம். காற்று மாறவில்லை.
நான் பானெட்டை மூடினேன்.

"எவ்ளோ?"
"ஒண்ணும் வேணாம்."
"ஏன்?"
"ஏப்ரல்ல காஸ் சரியாத்தான் இருந்துச்சு."

அவன் உள்ளங்கையில் அந்த வாஷர்.
விரலால் புரட்டிப் பார்த்தான்.
"ஆயிரத்து எண்ணூறு," என்றான்,
என்னிடம் இல்லை, அதனிடம்.
பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

கேட் எழும்பியது. பின்னாலிருந்து ஹாரன்,
மீன்பாடி, டேங்கர், ஸ்கூல் வேன், எல்லாம் ஒன்றாக.
நான் துடைப்பக்கட்டையோடு நடு ரோட்டில் நிற்கிறேன்.
கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் அசைகிறது.
என்ன என்று கேட்கவில்லை.

டக்.

இடப்பக்கக் கதவின் லாக்.