பதினொன்று பத்து

இந்த வருஷம் விருதுக்குப் புதுப் பெயர்:
'சக ஊழியர் நலம் பேணியவர்.'
அவர் செய்தது என்ன என்று
ஐம்பது சொல்லுக்குக் கட்டம் போட்டிருக்கிறார்கள்.
டைம் ஆபீஸ் கிளார்க், நான்தான் நிரப்ப வேண்டும்.
கப்பலூர் எஸ்டேட், ரப்பர் வாஷர் கம்பெனி,
யார் எப்போது எழுந்து போனார் என்று
பதினான்கு வருஷம் எழுதிய கை.

தாழ்ப்பாளிலிருந்து தொடங்க வேண்டும்.
பாய்லருக்குப் பின்னால் பெண்களுக்கு ஒரே கழிப்பறை.
கதவு சாத்தும், பூட்டாது.
உள்ளே போனவள் ஒரு கையால்
கதவைப் பிடித்தபடியே உட்கார வேண்டும்.
அதனால் யாரும் போவதில்லை.
போகாமலிருக்க யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.
அச்சிலிருந்து வெந்து விழும் வாஷர்களுக்கு எதிரே
எட்டிலிருந்து ஐந்து வரை
முப்பத்தொரு பெண்கள்
மேலண்ணத்தில் ஒட்டிய நாக்கோடு பிசிறு வெட்டினார்கள்.
எங்களுக்குத் தெரியுமா?
தெரியும் என்பதை எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

சித்திரைத் திருவிழா லீவு முடிந்த மறுநாள்
ஞானசுந்தரி மிஷினடியில் சரிந்தாள்.
ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது
பஞ்சவர்ணம்.
அவளுக்கு அரைநாள் சம்பளம் பிடித்தது
நான்.

அடுத்த நாள் பையில் ஒரு தாழ்ப்பாளோடு வந்தாள்.
கீழமாசி வீதியில் வாங்கியது,
திருகாணி நாலும் சேர்த்து நாற்பத்தைந்து ரூபாய்.
மெயின்டனன்ஸ் ராவுத்தரிடம் ஸ்குரூடிரைவர் இரவல் வாங்கித்
தானே முடுக்கினாள்.
ஒன்று கோணலாக ஏறியது.
இன்றைக்கும் கோணல்தான்.

பிறகு தூக்குவாளி நிறையத் தண்ணீர்.
எல்லோரும் பார்க்க அண்ணாந்து
கடகடவென்று தொண்டை ஏறி இறங்கக் குடித்தாள்.
பதினொன்று பத்துக்கு
நேராக என் மேஜைக்கு வந்து,
"ஒண்ணுக்குப் போறேன் சார். எழுதிக்கங்க."
திரும்பி வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள்.
"ஆறு நிமிஷம்னு போட்ருக்கீக. ஏழு.
சரியாப் போடுங்க."

மூன்றாம் நாள் அவளோடு இரண்டு பேர்.
ஆவணி பிறந்தபோது வரிசை.
மதியத்துக்குள் பாதி இறங்காத பாட்டிலுக்கு
"ஏ புள்ள, இது யாருக்கு, சாமிக்கா?" என்று
லைன் முழுக்கக் கேட்கிற வசவு.
என் நோட்டு தீர்ந்தது. புது நோட்டுக்கு எழுதிக் கேட்டேன்.
எதற்கு என்றார் மேனேஜர். சொன்னேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
நோட்டு வரவில்லை.
ஒரு லோடு செங்கல் வந்து
பாய்லருக்குப் பின்னால் இறங்கியது.

விருதுக்குத்தான் பெயர் புதிது, படிவம் பழையது.
எடுத்த விடுப்பு எத்தனை நாள் என்று கேட்கிறது.
போன வருஷம் லீவே போடாதவருக்குக் கொடுத்தோம்;
காய்ச்சலோடு வந்து வாங்கினார்,
பொங்கலுக்குள் பேக்கிங் செக்‌ஷன் முழுக்கப் படுத்தது.
பஞ்சவர்ணத்துக்கு நாலு நாள்.
மூன்று, யார் யாருக்கோ துணையாக
ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது.
நாலாவது?
"சும்மா தூங்குனேன் சார்."
அப்படியே எழுதினேன்.

இதனால் உற்பத்தி எவ்வளவு உயர்ந்தது
என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

குடியரசு தினம்.
கொடிக்குக் கீழே ஐந்து லிட்டர் குக்கர்.
மைக்கில் அவள் பெயர்.
மறுபடியும் அவள் பெயர்.
ஞானசுந்தரி பாய்லர் பக்கம் கைகாட்ட,
முன்வரிசையில் கிளம்பிய சிரிப்பு
கேட் செக்யூரிட்டி வரை போனது.
குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
ஜி.எம். காத்து நின்றார்.
தாழ்ப்பாள் விலகும் சத்தம்
அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது.
ஆனாலும் எல்லோர் காதும் அங்கேதான்.

என் கைக்கடிகாரம்
முழுக்கைச் சட்டைக்குள் இருந்தது.