இருபத்தெட்டு மில்லிமீட்டர்

அறுவைக்கு முந்தின நாள்
ஹில்க்கா ஒரு பேனாவோடு வந்தாள்.
உட்காரச் சொன்னாள். குனியச் சொன்னாள்.
படுத்து இருமச் சொன்னாள்.
"கால்சட்டை எங்கே கட்டுவாய், லெம்பி?
சீட் பெல்ட் எங்கே அழுத்தும்?"
கெமி நகராட்சியில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள் நான்.
பதினொரு குளிர்காலமாய் அந்தப் பட்டை
அழுத்திய இடத்தைக் காட்டினேன்.
அதற்கு இரண்டு விரல் மேலே,
வலப்பக்கம், மடிப்பு விழாத ஓரிடத்தில்
புள்ளி வைத்தாள்,
மனையில் முளை அடிப்பவள் போல.

கண் விழித்தபோது புள்ளி இல்லை.
அங்கே ஒரு சிவப்பு.
கன்னத்தின் உட்புறம் மாதிரி ஈரம்.
தொட்டேன், வலிக்கவில்லை.
என் குடல்தான், ஆனாலும்
என்னிடம் ஒன்றும் சொல்லாது.
நான் தூங்கினாலும் தன்பாட்டுக்கு நெளியும்,
இரவுப்பணிக்காரி.

வீட்டுக்கு மாதிரிப் பெட்டிகள் வந்தன.
ஒரே துண்டாய் வருவது மெலிசு,
கம்பளிச் சட்டைக்குள் தெரியாது;
பையை மாற்ற வேண்டுமென்றால்
தோலோடு சேர்த்துப் பிரிக்கணும்.
இரண்டு துண்டில்
தட்டு தோலிலேயே இருக்கும்,
பை மட்டும் டப்பா மூடி போல
டக் என்று பூட்டும்.
அந்த டக்குக்காகவே வாங்கினேன்.

பிப்ரவரி, விமான நிலையச் சாலை,
வெளியே மைனஸ் இருபத்தாறு.
வயிற்றில் ஏதோ வெதுவெதுப்பு.
கையுறையோடு பூட்டியிருந்தேன்,
டக் கேட்டதாக நானே நினைத்துக்கொண்டேன்.
உப்புக் கிடங்கின் பின்னால் வண்டியை நிறுத்தி
டார்ச்சைப் பல்லில் கடித்து
எல்லாம் மாற்றினேன்.
உபரித் தட்டு குளிரில் விறைத்துக் கிடந்தது.
அக்குளில் வைத்து உட்கார்ந்தேன்
அடைகாக்கிற கோழி மாதிரி.
வானொலியில் உர்ஹோ கூப்பிட்டான்:
"எங்கே இருக்கிறாய்? பாலம் மூடிக்கிடக்கு."
"முட்டை பொரியட்டும்" என்றேன்.
அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

பிறகு எரிச்சல் தொடங்கியது.
சுற்றிலும் தோல் வெந்து, கசிந்து,
பசை பிடிக்க மறுத்தது.
கம்பெனி மாற்றினேன்.
பசைக்குழம்பு, வளையம், தூள், பெல்ட்.
குவிந்த தட்டும் ஒரு வாரம்.
நாலாவது கம்பெனியைத் திட்டிக் கடிதமே எழுதினேன்.
நல்லவேளை, அனுப்பவில்லை.

ஹில்க்கா கடிதத்தைப் படிக்கவில்லை.
ஓட்டைகள் போட்ட ஓர் அட்டையை எடுத்தாள்,
ஒவ்வொன்றாய் அந்தச் சிவப்பின்மேல் வைத்தாள்.
"நீ எவ்வளவு வெட்டுகிறாய்?"
"முப்பத்தைந்து. ஆஸ்பத்திரியில் சொன்ன அளவு."
"அது வீங்கியிருந்தபோது சொன்னது.
வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது.
இப்போது இருபத்தெட்டு."

ஏழு மில்லிமீட்டர்.
மூன்று மாதமாய் அந்த இடைவெளியில்
என் தோலை என் சாப்பாடே
தின்றுகொண்டிருந்தது.
ஒருமுறை அளந்து பார்த்திருக்கலாம்.
சாலையில் பனி எத்தனை சென்டிமீட்டர் என்று
தினமும் அளந்து எழுதுகிறவள் நான்.

இப்போது திங்களும் வியாழனும்
காபிக்கு முன்னால், குடல் அயர்ந்திருக்கும் நேரத்தில்
வெந்நீர் மட்டும், சோப்பு இல்லை.
ஒற்றித் துடைத்து, காயவிட்டு,
வளைந்த கத்தரியால் வெட்டி,
வெட்டிய விளிம்பை விரலால் நீவி,
ஒட்டியபின் உள்ளங்கையை
அதன்மேல் வைத்துக் காத்திருப்பேன்.
அந்த ஐந்து நிமிடம் யார் கூப்பிட்டாலும் போகமாட்டேன்.

மே மாதம் நாத்தனார் சைமி கேட்டாள்,
"சவுனாவுக்கு வருகிறாயா இல்லையா?
சூட்டில் அது கழன்றுவிடுமோ?"
"தெரியாது" என்றேன். தெரியாதுதான்.
காற்றுத்துளையின்மேல் ஸ்டிக்கர் ஒட்டி,
பையைக் காலியாக்கிவிட்டு
கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தேன்.
நாலு பெண்கள். யாரும் பார்க்கவில்லை,
எல்லோரும் பார்த்தார்கள்.
பேச்சில்லை.
அந்த அமைதியில்
என் இரவுப்பணிக்காரி நீளமாக ஒரு சத்தம் போட்டாள்.

சைமி கரண்டியை எடுத்துக்
கல்லில் தண்ணீர் ஊற்றினாள்.
அதுவும் பதிலுக்குச் சீறியது.