எழுத்துரு இல்லை

சாதாரண தரத்தில் கணக்கு விழுந்ததால்
தொழிற்பிரிவுக்குள் வந்தவர்கள் நாங்கள்.
ஆறு கணினி, பதினேழு பேர்.
ஹட்டனில் மழை பலத்தால் கரண்ட் போகும்.
போனதும் ருவந்தி மிஸ்
கரும்பலகைக்குத் திரும்புவார்.

"சும்மா விட்ட இடமும் டிசைன்தான் பிள்ளைகள்.
அது மூச்சு."

அவர் கொச்சைத் தமிழில்
எனக்குப் பிடித்த வாக்கியம் அது.
எங்கள் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு.
கட்டிலுக்கடியில் அண்டா,
அண்டாவுக்குள் தம்பியின் கிரிக்கெட் மட்டை.
மூச்சை நான் கொப்பியில்தான் விட்டேன்,
நான்கு பக்கமும் இரண்டு அங்குலம்.

கடைசித் தவணைக்கு
நிஜமான ஒரு விளம்பரம் செய்யவேண்டும்.
டிலுக்ஷன் மாமாவின் ஆட்டோவுக்கு அட்டை அடித்தான்.
பத்துப் பேர் தேயிலைப் பக்கற் செய்தார்கள்.
எனக்குத் தேயிலை வீட்டிலேயே போதும்.

வதனி அக்கா நோர்வூட்டில்
பாமசிக்கு மேல்மாடியில்
இரண்டு கதிரை போட்டு அழகு நிலையம் திறக்க இருந்தாள்.
ஜோர்தானில் ஆறு வருடம்
காற்சட்டைக்கு ஜேப்பு தைத்த காசு.

திரையில் காட்டினேன்.
"இந்தப் பக்கம் என்னா, சும்மா கெடக்கு?"
"அது மூச்சுக்கா."
"சதுர அடி நூத்தியெம்பது ரூவா.
மூச்ச வீட்ல போயி விடு."

நிரப்பினேன். திரெடிங், ஃபேஷியல்,
மணப்பெண் அலங்காரம், சாரி வாடகைக்கு,
நடுவில் அவள் போன் நம்பர்.
மேல் இடது மூலையில் மட்டும்
உள்ளங்கையளவு வெள்ளையைத் திருடி வைத்தேன்.

எட்டடிக்கு மூன்றடி.
நாலாயிரத்து முந்நூற்றிருபது ரூபாய்.
வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் ஒன்பது பதினெட்டு.
சுருளை விரித்தோம்.

தமிழ் இல்லை.
அச்சகத்துக் கணினியில் என் எழுத்துரு இல்லை.
'எழுத்தைக் கோடாக மாற்றிய பிறகே அனுப்பவும்'
என் கையால்தான் எழுதியிருக்கிறேன், கொப்பியில்,
சிவப்பில், மூன்று தரம்.
மாற்றவில்லை.

மணப்பெண்ணின் மகரம் கே ஆகியிருந்தது,
ணகரம் இசட்.
தலையில் இருந்த புள்ளிகளெல்லாம்
பக்கத்தில் இறங்கி வால் முளைத்து
அரைப்புள்ளிகளாய் நின்றன.
அச்சடித்த திலினவைக் கேட்டால்
"தமிழ் இப்படித்தானே இருக்கும்?" என்கிறான்.
அவனுக்கு எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அக்கா கத்தவில்லை.
குத்துவிளக்குத் திரியைச் சரிசெய்தாள்.
"கட்டு. வெறுஞ்செவுத்துக்கு இது மேல்."

எண்கள் மட்டும் எண்களாகவே அச்சாகியிருந்தன.
அதனால் போன் வந்தது.
மூன்று நாளில் பதினொன்று.
"இது என்னா கடைங்க?"
"ரஷ்யாக்காரங்களா?"
கேட்கவந்த இரண்டு பேருக்கு
அக்கா புருவம் எடுத்துவிட்டாள்.
ஒருத்தி சாரியும் பதிந்துவிட்டுப் போனாள்.

புதிய பெனருக்கு நான்தான் காசு கொடுக்கிறேன்,
மாதம் ஐந்நூறு.
பழையது எங்கள் தகரத்துக்குக் கீழே,
ஒழுகுகிற இடத்தில்,
எழுத்துப் பக்கம் கீழ்நோக்கி.

இரவில் அம்மா அண்ணாந்து பார்க்கிறாள்.
"என்னாடி எழுதியிருக்கு அதுல?"

டீ. ஜே. டி. பீ.
போர்வைக்குள் என் விரல்கள்
அந்தந்தக் கட்டையைத் தேடி அமுக்குகின்றன.
வதனி, என்கிறேன்.
"அடுத்தது?"
அழகு.
"அந்த மூலையில?"

அங்கே ஒன்றும் இல்லைம்மா.
அது மட்டும்தான்
நான் போட்டது போலவே வந்திருக்கு.