துளை எண் பதினொன்று

மரப்பெட்டியில் ஐந்து வரி, வரிக்கு ஒரு மீற்றர்.
மேலே ஒரு சாண் செம்மண்,
பிறகு எல்லாம் வெள்ளை.
ஈரத் துணியால் துடைத்து அமிலம் ஒரு சொட்டு விடுவேன்.
கல் சீறும்.
சீறுகிற அளவைப் பார்த்து
'தரம்' என்ற நிரலில் ஓர் எண்.

பதினான்கு மீற்றர் இருபதில்
துளைகோல் தன்பாட்டில் விழுந்தது.
மரியநேசன் பிடியை விட்டுக் கையைத் தூக்கினான்,
சோதனைச் சாவடியில் நிற்பவன் போல.
அரை மீற்றருக்குக் கல் இல்லை.
பெட்டியில் அந்த நீளத்துக்கு ஒரு மரத்துண்டு வெட்டி வைத்து
'வெறுமை' என்று எழுதினேன்.

அடுத்த நாள் வேலிக்கு அங்கால் ஒருத்தி கூப்பிட்டாள்.
தவமலர். வெங்காயம் போட்டிருக்கிறவள்.
"உங்கட மிசின் ஓடேக்கை
என்ர கிணறு கொதிக்குது. வந்து பாருங்கோ."

நடந்து எண்ணினேன்: நூற்றிப் பன்னிரண்டு எட்டு.
அங்கே மரியநேசன் காற்றைத் திறக்க
இங்கே தண்ணீர் உலை போலக் குமிழ்விட்டது.
ஒரு தவளை படியேறி நின்று பார்த்தது.
"நிப்பாட்டச் சொல்லுங்கோ."
சொன்னேன். அடங்கியது.
"திருப்பிப் போடச் சொல்லுங்கோ."
போட்டான். குமிழ்.
மூன்று தரம் அப்படிச் செய்வித்தாள்,
பல்லுக்கொதியை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவள் மாதிரி.

வெள்ளிக்கிழமை வாசிகசாலையில் கூட்டம்.
சேலத்திலிருந்து வந்த பொறியாளர் பொன்னுரங்கம்
திரையில் ஒரு சரிவுப்பாதை காட்டினார்,
ஏழுக்கு ஒன்று இறக்கம், கீழே அறைகள்,
அறைகளுக்கு இடையில் வெட்டாமல் விடும் தூண்கள்.
"பழைய குழிகள் மாதிரி நிலத்தைத் தின்ன மாட்டோம்.
மேலே நீங்க வெங்காயம் போடலாம்,
கீழே நாங்க கல் எடுக்கலாம்.
ஊறுற தண்ணிய மட்டும்
நிமிஷத்துக்கு நாலாயிரம் லிட்டர்
கடலுக்கு இறைச்சு விட்டுடுவோம்."

பின்வரிசையில் தவமலர் எழும்பினாள்.
"அந்தத் தண்ணி ஆற்றை?"

அவருக்கு விளங்கவில்லை.
"ஆறா? இல்லம்மா. எங்க சர்வேயில பார்த்தாச்சு,
யாழ்ப்பாணத்தில ஆறே கிடையாது."

முன்வரிசை சிரித்தது. யாரோ எழும்பி விளக்கப் போனார்:
ஆற்றை எண்டால், ஐயா, யாருடைய எண்டு...
நான் சிரிக்கவில்லை.
ஆறு இருக்கிறது.
பதினான்கு மீற்றர் இருபதில்.
அதன் அளவுக்குத்தான்
நான் ஒரு மரத்துண்டு வெட்டி வைத்திருக்கிறேன்.

அன்றிரவு அறிக்கையின் 'குறிப்பு' நிரலில்,
இரண்டு அங்குல இடம்,
காற்றுப் போகிற வழியால் தண்ணீரும் போகும்,
தண்ணீர் போனால் பின்னால் உப்பு வரும் என்று எழுதினேன்.
கொழும்பிலிருந்து ஒரு வரியில் பதில்:
குறிப்புகளைச் சுருக்கவும்.

மிசின் பன்னிரண்டாம் துளைக்கு நகர்ந்துவிட்டது,
அவளுடைய வேலிக்கு இன்னும் இருபது எட்டுக் கிட்ட.
கிணற்றுக்கட்டில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டு
வெங்காயத்துக்கு நடுவில் அவள் இருக்கிறாள், மடியில் கைபேசி.
ஒவ்வொரு குமிழுக்கும் என் இலக்கத்துக்கு ஒரு மிஸ்ட் கோல்.
எடுத்துக் கதைக்க ஒன்றும் இல்லை.
தரம், ஆழம், குறிப்பு எல்லாவற்றுக்கும் அங்கால்
தலைப்பில்லாத ஒரு நிரல் கீறி அதையும் பதிகிறேன்.

நேற்று எட்டு.
இன்று, மத்தியானத்துக்கு முன்னமே,
பத்தொன்பது.