சும்மா இருப்பதன் செலவு

மாஸ்ட்ரிக்ட். ஆய்வகத்தின் மூன்றாம் மாடி.
பதினான்கு கன மீட்டர் அறைக்குள்
ஷெங் தூங்குகிறார்.
மாஸ் நதியில் மணல் படகு ஓட்டுபவர்,
தொண்ணூற்றொரு கிலோ, கொஞ்சம் குறட்டை.
உள்ளே போகும் காற்றை அளக்கிறோம்,
வெளியே வருவதையும்.
நடுவில் காணாமல் போகும் ஆக்சிஜன்தான்
அவர் உயிரோடு இருப்பதற்கான ரசீது.

நான் வெளியே, திரைக்கு எதிரில்,
ஆறிப்போன காப்பியோடு.

மாலையில் சண்டை.
நாற்பது நிமிடம் சைக்கிள் மிதித்து இறங்கியவர்
ஒலிபெருக்கியில் கத்தினார்:
"நானூற்று அறுபது! பார்த்தாயா?"
சைக்கிளின் குட்டித் திரை அப்படித்தான் சொன்னது.
அதற்கு அவர் எடை தெரியாது, வயது தெரியாது,
மிதிப்பவர் மனம் கோணாமல் பேசத் தெரியும்.
அறை சொன்னது முந்நூற்று முப்பது.
அதிலும் ஐம்பத்தாறு கழிக்கணும், என்றேன்.
"எதுக்கு?"
மிதிக்காமல் நாற்காலியில் சாய்ந்து
கால்பந்து பார்த்திருந்தாலும்
செலவாகியிருக்கும் அது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சில்லை.
"உட்கார்ந்ததுக்கும் பிடித்தமா?"
மீதி இருநூற்று எழுபத்து நான்கு.
ஒரு துண்டு செர்ரி ஃப்ளாய்,
கடைசி வாயைத் தட்டிலேயே விட்டுவிட்டால்.

சும்மா என்ற சொல்லை நம்பக் கூடாது.
வேலை இல்லாமல் என்றும் சொல்லும்,
காசு இல்லாமல் என்றும் சொல்லும்,
இரண்டும் ஒன்றென்று நம்மை ஏய்க்கும்.
இதோ சும்மா கிடக்கிறார் ஷெங்:
நிமிடத்துக்கு ஒன்றேகால் கலோரி.
ஈரல் தனியாக ஐந்தில் ஒரு பங்கு தின்கிறது.
கனவு வந்தாலும் வராவிட்டாலும்
மூளைக்கும் அதே பங்கு.
இதயமும் சிறுநீரகங்களும்,
சேர்த்து நிறுத்தால் ஒரு கிலோ தேறாதவை,
கிட்டத்தட்ட உடம்பின் தசையத்தனையும் கேட்பதைக்
கேட்டு வாங்குகின்றன.
ஒவ்வொரு செல்லும் ஓட்டைப் படகு.
உப்பு உள்ளே கசிய, உப்பை வெளியே இறைக்க,
கசிய, இறைக்க.
ஷெங்குக்கு இது சட்டென்று புரியும்.
காலையில் சொல்லலாம் என்றிருந்தேன்.

மூன்று பத்துக்குக் கோடு ஏறியது.

அவர் அசையவில்லை. அசைவுமானி சுத்தமாகப் பூஜ்யம்.
கருவிதான் பிசகுகிறது என்று
சோதனை வாயுவைத் திறந்தேன்; கருவி சரி.
வால்வு சரி. குழாய் சரி.
அறை எப்போதும் அரைமணி பிந்தித்தான் உண்மை பேசும்;
அப்படியென்றால் இது
இரண்டரைக்கே தொடங்கியது.
ஒன்றேகால், ஒன்று புள்ளி மூன்று,
ஒன்றரையை நோக்கி
ஒரு மனிதர் படுத்தபடியே
மேடு ஏறிக்கொண்டிருந்தார்.

ஐந்தே முக்காலுக்கு இருமினார்.
ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில், கரகரத்து:
"தொண்டை கட்டிக்கிச்சு. ஜன்னல் எதுவும் திறந்திருந்ததா?"
திறக்கவே முடியாத ஜன்னலை இருவரும் பார்த்தோம்.
உணவு நுழைவறை வழியாக வெப்பமானி அனுப்பினேன்.
முப்பத்தெட்டு புள்ளி எட்டு.

மருத்துவர் ஹௌபன் எட்டு மணிக்கு வந்து
கோட்டைப் பார்த்தார், பேனாவால் தட்டினார்.
"அழகான ஏற்றம். ஆனால் காய்ச்சல்.
இந்த இரவைக் கணக்கில் சேர்க்க முடியாது."
போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்த ஷெங்
காலணி நாடாவைக் கட்டியபடி கேட்டார்:
"சைக்கிள் மிதித்தது?"
அதுவும்தான்.
"அந்த இருநூற்று எழுபத்து நான்கு?"
அதுவும்.

வீடு திரும்பும் வழியில் பாலம் தூக்கியிருந்தது.
மணல் ஏற்றிய படகொன்று, நீரோடு நீராகத் தாழ்ந்து,
அவசரமே இல்லாமல் கடந்தது.
சைக்கிளைத் தொடையில் சாய்த்துக்கொண்டு
எங்களில் இருபது பேர் காத்திருந்தோம்,
ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே.
நான் அறுபத்திரண்டு கிலோ.
நிற்பதற்கு, உத்தேசமாக,
நிமிடத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல்.
பாலம் இறங்க ஏழு நிமிடம் ஆனது.